தொப்பியின் உட்பட்டையும் வன்னியின் பழம்பொருள்களும்

பரந்தன் சந்தியிலும் புதுக்குடியிருப்புச் சந்தையடியிலும் பழைய இரும்பு வாங்குகின்றவர்களின் வாகனங்கள் வந்து நிற்கின்றபோது, அவற்றில் ஏற்றப்படுகின்ற பொருள்களின் நிறையைத் தராசு சொல்லிவிடுகின்றது. அவற்றின் வயதைச் சொல்லுவதற்கோ, அவை எந்த வீட்டில் எத்தனை தலைமுறைக்கு உழைத்தன என்று கேட்பதற்கோ அங்கே ஒருவரும் நிற்பதில்லை. பல இடப்பெயர்வுகளையும், இறுதியில் 2009ஆம் ஆண்டின் யுத்தப் பேரழிவையும் தாண்டி எஞ்சிய சொற்பப் பொருள்கள், வெடியோசை ஓய்ந்த இக்காலத்தில், கிலோ இத்தனை ரூபாய் என்ற கணக்கில் நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே, பழம்பொருள்களுக்குக் காலம் கணிக்கின்ற கலையை வன்னி மக்களாகிய நாம் தாமதமின்றிப் பயிலவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அக்கலையை எளிய அன்றாடப் பொருளொன்றின்மேல் மிக நுணுக்கமாக வளர்த்து வைத்திருப்பவர்கள் யாரென்றால், இத்தாலிய தேசத்துப் பழைய ஃபெல்ட் தொப்பிகளைச் சேகரிக்கின்றவர்கள்.

தொப்பிக்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவுதல் நியாயமே. இத்தாலி நமக்கு முற்றிலும் அந்நிய தேசமன்று. சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில் ஈழத்தமிழர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். அந்நகரைக் காக்கின்ற புனித ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு சைவரும் ஏறிச்சென்று வணங்குவது அவ்வூராரும் அறிந்த வழக்கமாகிவிட்டது. அந்நகரின் பழம்பொருட் கடைத்தெருவிலே தூசிபடிந்து கிடக்கின்ற தொப்பியொன்றை நம்மவர் ஒருவர் கையிலெடுத்தால், அதன் உள்ளே மங்கிய பொன்னெழுத்துகளால் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்பார்.

அவ்வெழுத்துகளிற் பெரும்பாலும் முதலிற் கண்ணிற்படுவது போர்சலினோ என்னும் பெயர். பாரிசு நகரத்துத் தொப்பிச் சாலையொன்றில் தொழில் பயின்று திரும்பிய ஜூசெப்பே போர்சலினோ என்பவர், 1857ஆம் ஆண்டில், வட இத்தாலியப் பகுதியாகிய பியமொந்தேயிலுள்ள அலெசாந்திரியா நகரிலே தமது தொழிற்சாலையை நிறுவினார். 1900இல் அவர் காலமாகவே அவருடைய மகன் தெரேசியோ பொறுப்பேற்றார். முதலாம் உலக மகாயுத்தத்துக்குச் சற்று முன்னர் அச்சாலையிலிருந்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் தொப்பிகள் வெளிவந்தன. போர்சலினோவைப் போலவே பியெல்லாவுக்கு அண்மையிலுள்ள சலியானோ மிக்காவில் பார்பிசியோவும், மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள கிஃபாவில் பனிட்சாவும் கீர்த்திபெற்றன. கிஃபாவிலும் அலெசாந்திரியாவிலும் இன்று தொப்பிக்கென்றே நூதனசாலைகள் இருக்கின்றன. ஓர் ஊரார் தாம் செய்த பொருளைத் தாமே கௌரவித்துக் காக்கின்ற அந்தப் பண்பை நாம் கவனித்தல் வேண்டும்.

ஃபெல்ட் என்பது தறியில் நெய்யப்படுவதன்று. முயலின் மென்மயிரைக் காற்றிலே பறக்கவிட்டுப் பெரியதொரு கூம்பின்மேற் படியவைத்து, வெந்நீரும் ஆவியும் அழுத்தமும் கொடுத்துப் பலமுறை கசக்கும்போது, மயிரிழைகளின் நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, கூம்பு பாதியளவுக்கும் குறைவாகச் சுருங்கி உறுதியான படலமாகின்றது. பின்னர் அதனை மரஅச்சில் ஏற்றி உருவமைத்து, மேற்பரப்பைத் தேய்த்து மென்மையாக்குவர். மயிர் இலகுவிற் பிணைவதற்காக முற்காலத்தில் இரசக்கலவையைப் பூசிவந்தமையால், தொப்பித் தொழிலாளர் பலர் கைநடுக்கமும் சித்தக்கலக்கமும் உற்று வருந்தினர். சேகரிப்போர் இந்தத் துயரத்தையும் மறவாது தம் குறிப்புகளில் எழுதிவைத்தல் தகும் என்பேன். ஒரு பொருளின் அழகை மாத்திரம் வியந்து, அதைச் செய்த கைகளை மறப்பது அரைகுறைச் சேகரிப்பாகும்.

இனிக் காலக்கணிப்புக்கு வருவோம். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகின்றவர் தொப்பியின் வெளித்தோற்றத்தைப் பார்த்தே, விளிம்பு அகன்றிருந்தால் இன்ன தசாப்தம், குறுகியிருந்தால் இன்ன தசாப்தம் என்று தீர்மானித்துவிடுவார். அனுபவசாலியோ தோற்றத்தை நம்புவதில்லை. ஏனெனில் விளிம்பைக் கத்தரிக்கலாம், நாடாவை மாற்றலாம், ஆவி பிடித்து உச்சியின் மடிப்பைப் புதிய மோஸ்தருக்கு ஏற்ப அமைக்கலாம். அவர் தொப்பியைக் கவிழ்த்து, நெற்றியைத் தொடுகின்ற தோற்பட்டையின் பொன்முத்திரையைப் படித்து, பின்னர் அப்பட்டையை மெல்ல மடக்கி, அதன் பின்புறத்திலே பத்திரமாய் ஒளிந்திருக்கும் சிறு காகிதச் சீட்டையும், தையல் நூலின் தன்மையையும் ஆராய்வார்.

அந்த முத்திரையைப் படிப்பதிலும் ஒரு தர்க்கம் உண்டு. பாரிசுக் கண்காட்சியில் 1900ஆம் ஆண்டு பெற்ற உயர்பரிசைப் பற்றிய குறிப்புப் போர்சலினோ தொப்பியின் உள்ளே அச்சிடப்பட்டிருந்தால், அத்தொப்பி 1900இல் ஆனது என்று முடிவுசெய்தல் பெருந்தவறு. பெற்ற பரிசைத் தொழிற்சாலைகள் பல தசாப்தங்களுக்குச் சொல்லிக்கொண்டேயிருக்கும். அது 1900க்கு முற்பட்டதன்று என்பது மாத்திரமே நிச்சயம். மறுபுறத்தில், இத்தாலியை ஆண்ட சவோய் அரசவம்சத்தின் விருதுச்சின்னம் அச்சிடப்பட்டிருக்குமாயின், 1946ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி மக்கள் வாக்களித்து முடியாட்சியை நீக்கிக் குடியரசை ஏற்றமையால், அத்தொப்பி அதற்கு முற்பட்டதாதல் கூடும். எனினும் பண்டகசாலையில் எஞ்சியிருந்த பழைய துணியையும் தோலையும் பயன்படுத்தியிருக்கலாமாதலின், அந்த எல்லையையும் இரண்டொரு ஆண்டு நெகிழ்த்திப் பிடிக்கவேண்டும். இவ்வாறு கீழெல்லை ஒன்றும் மேலெல்லை ஒன்றுமாகக் கண்டு, இடையிலுள்ள காலத்தைச் சிறிது சிறிதாக ஒடுக்கிச்செல்வதே காலக்கணிப்பின் சாரம். ஒரு சாட்சியை மாத்திரம் நம்பித் தீர்ப்பளித்தல் ஆகாது.

தொழிற்சாலையின் பெயருக்குக் கீழே, தொப்பியை விற்ற கடையின் பெயரும் நகரமும் பல தொப்பிகளிற் காணப்படும். அக்கடை எப்போது திறந்தது, எப்போது மூடியது, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் பெயர்ந்தது என்பவற்றைப் பழைய விளம்பரங்களில் தேடி இன்னும் துல்லியமாகக் கணிப்பார்கள். அதற்கும் கீழே சிலவற்றில் உரிமையாளரின் பெயரின் முதலெழுத்துகள் தோற்பட்டையிற் குத்தப்பட்டிருக்கும். செய்த காலம், விற்ற காலம், அணிந்த காலம் என்று ஒரே தொப்பி மூன்று காலங்களைத் தாங்குகின்றது. அவற்றுள் மூன்றாவதைக் கண்டுபிடிப்பதே எப்போதும் கடினம்.

நம் நாட்டிலும் தொப்பி இல்லாமலிருக்கவில்லை. 1902இல் தொடங்கி 1920இல் நிறைவெய்திய இரணைமடுக் குளத்தின் வேலையைப் பற்றி முதியோர் சொல்லும் கதைகளிலே தொப்பியணிந்த ஓவசியர்களும் நில அளவையாளர்களும் வருவார்கள். மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள் கோட்டும் தொப்பியுமாக எடுத்துக்கொண்ட நிழற்படங்கள் பல குடும்பங்களில் இருந்தன. ஆயினும் வெயிலுக்கு ஏற்றதாய் நம்மவர் அதிகம் நாடியது நெட்டித் தொப்பியும், வயலிலே தலைப்பாகையாய்ச் சுற்றிய துவாயுமேயாகும். வந்த சில ஃபெல்ட் தொப்பிகளையும் பூச்சி அரித்துவிட்டது. பூச்சி விட்டதைக் கறையான் தின்றது. கறையான் விட்டதை யுத்தம் கொண்டுபோயிற்று. எவருடைய ட்ரங்குப் பெட்டியின் அடியிலாவது ஒன்று இன்றும் கிடக்குமானால், அதைக் கழுவாமலும் தேய்க்காமலும், உட்பட்டையை மாத்திரம் பதமாய்த் திருப்பி, உள்ளேயுள்ள எழுத்துகளைப் படமெடுத்து வைக்கும்படி வேண்டுகின்றேன்.

தொப்பியிற் கற்ற தர்க்கத்தைப் பிரயோகிப்பதற்கு வன்னியில் வேறு பொருள்கள் உள. முதலாவதாக ஓட்டைச் சொல்லுவேன். பழைய கல்வீடுகளின் கூரையிலே கிடந்த மங்களூர் ஓடுகளிற் சிலவற்றைத் திருப்பிப்பார்த்தால், பாசல் மிஷன் என்ற பெயரோடு 1865 என்னும் இலக்கமும் பதிந்திருக்கக் காணலாம். வீட்டுக்காரர் தம் வீடு 1865இற் கட்டப்பட்டது என்று பெருமையோடு சொல்லுவார். உண்மையில் அது பாசல் மிஷன் பாதிரிமார் மங்களூரிலே ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டாகும். போர்சலினோவின் பரிசுக் குறிப்பைப் போல அதுவும் கீழெல்லையை மாத்திரமே காட்டுகின்றது. முதலாம் உலக மகாயுத்தத்தின் போது ஜேர்மனியரோடு தொடர்புடைய அந்த மிஷனின் சொத்துகளைப் பிரித்தானிய அரசாங்கம் கைப்பற்றி, பின்னர் 1919இல் அமைந்த கொமன்வெல்த் ட்ரஸ்ட் என்னும் ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தது. ஆகையால் கொமன்வெல்த் என்ற பெயர் பதிந்த ஓடு 1919க்கு முற்பட்டதாயிருக்க இயலாது. கூரையிழந்து நின்ற சுவர்களை இடித்துவிட்டு வீட்டுத்திட்டத்து வீடுகளைக் கட்டியபோது, இத்தகைய ஓடுகள் உடைந்த சல்லியோடு சல்லியாய் அத்திவாரக் குழிகளிலே போடப்பட்டதுண்டு. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் கல்வீடுகள் எப்போது வரத்தொடங்கின என்பதற்குக் கடுதாசிச் சான்றுகள் அழிந்துபோன இடத்தில், அந்த ஓடுகளே சான்றுகளாயிருந்தன.

அடுத்தது தையல் மெசின். சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. பழைய சிங்கர் மெசினின் உடலிலே குத்தப்பட்டுள்ள தொடரிலக்கம் அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரமாகும். ஆங்கில எழுத்து முன்னே இல்லாமல் வெறும் இலக்கமாயிருப்பின் அது பெரும்பாலும் 1900க்கு முற்பட்டது. ஒய் என்னும் ஒற்றை எழுத்தோடு தொடங்கினால், ஸ்கொத்லாந்திலுள்ள கிளைட்பாங்க் சாலையில் 1920களிலோ 1930களின் முற்பகுதியிலோ செய்யப்பட்டது. ஈ என்ற எழுத்தை முதலாகக் கொண்ட இரட்டை எழுத்தாயின் 1930களின் நடுப்பகுதிக்குப் பிற்பட்டது. அந்தச் சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. நமது தாய்மார் பலர் அந்த மெசினின் தலையைப் பலகையிலிருந்து கழற்றிச் சாக்கிற் சுற்றி உழவுயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு சென்றனர். கணவரை இழந்தபின் அதையே பிழைப்பாக்கிப் பிள்ளைகளை வளர்த்தனர். அத்தகைய மெசினொன்று இரும்பு விலைக்குப் போகும்போது போவது இரும்பு மாத்திரமன்று என்பதை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றேன்.

மற்றவற்றை விரைந்து சொல்லிச் செல்கின்றேன். மூன்று கியர் உள்ள பழைய றலி சைக்கிளின் பின்சில்லுக் குடத்திலே ஸ்டேர்மி ஆர்ச்சர் என்ற பெயரோடு ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் குத்தப்பட்டிருக்கும். பெற்றோல்மாக்ஸ் விளக்கிலோ வேறு கருவியிலோ மேற்கு ஜேர்மனி என்று எழுதியிருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. எனாமல் பாத்திரத்தின் அடியிற் செக்கோஸ்லவாக்கியா என்றிருந்தால் 1918க்கு முற்பட்டதன்று. உள்நாட்டுப் பொருளொன்றில் நாட்டின் பெயர் சிலோன் என்றிருந்தால், 1972 மே 22இற் குடியரசாகிப் பெயர் மாறுவதற்கு முற்பட்டதென்று பெரும்பாலும் கொள்ளலாம். கந்தோர் மேசையிலோ அலுமாரியிலோ முல்லைத்தீவு மாவட்டம் என்ற முத்திரை இருந்தால் அது 1970களின் கடைசிக்கு முற்பட்டதாகாது. கிளிநொச்சி மாவட்டம் என்றிருந்தால் 1984க்கு முற்பட்டதாகாது, ஏனெனில் அதுவரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது.

இவையெல்லாம் செய்த காலத்தைக் கூறுவன. ஆனால் வன்னியிலுள்ள ஒரு பொருளுக்கு, அலெசாந்திரியாத் தொப்பிக்கு இல்லாத இன்னொரு கால அடுக்கு உண்டு. அதுவே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகின்றது. மின்சாரம் அற்றுப்போய், மின்கலங்களும் எரிபொருளும் தடைசெய்யப்பட்டிருந்த 1990களில், சைக்கிளை நிமிர்த்திவைத்து மிதித்து, அதன் டைனமோவால் வானொலி கேட்டவர்கள் நாம். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாம். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சையிட்டு, சைக்கிள் வால்வுக் கட்டையைத் திரிக்குழாயாக்கி, சொட்டு எண்ணெயில் இரவு முழுவதும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் நாம். ஒரு றலி சைக்கிளின் சட்டத்தில் வானொலிக்கென்று ஒட்டப்பட்டிருக்கும் கம்பி, இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் அது செய்யப்பட்ட ஆண்டைக் காட்டிலும் நமக்கு வேண்டிய சரித்திரத்தைக் கூடுதலாகச் சொல்லுகின்றது. தொப்பி சேகரிப்போர் பிற்காலத்தில் மாற்றப்பட்ட நாடாவைக் குறையாகக் கருதி விலையைக் குறைப்பர். அவ்விடயத்தில் நாம் அவர்களைப் பின்பற்றலாகாது. நமக்கு மாற்றமே ஆதாரம். துருவைச் சுரண்டிப் புதுப்பூச்சுப் பூசி அந்தக் கம்பியை அறுத்தெறிகின்றவர், அறியாமலே ஒரு சாசனத்தை அழிக்கின்றார்.

இதிலே காலத்தோடு போட்டியிடவேண்டிய அவசியமும் உண்டு. ஓட்டின் முத்திரையையும் மெசினின் இலக்கத்தையும் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் ஒருவர் படிக்கலாம். இரும்பும் மண்ணும் தம் எழுத்தை இழப்பதில்லை. ஆனால் அந்த மெசின் 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலி கடந்து வந்ததா, 1996இற் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது அக்கராயன் வரை போயிற்றா, 2008இன் இறுதியில் வளவிலே புதைக்கப்பட்டுச் செட்டிகுளம் முகாமிலிருந்து மீண்ட பிறகு தோண்டியெடுக்கப்பட்டதா என்பவற்றை, அதைத் தூக்கிவந்தவரைத் தவிர வேறு எவராலும் சொல்ல முடியாது. அவர்களோ முதுமையெய்தி ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர்.

காணாமற்போனோரைத் தேடி வீதியோரத்தில் அமர்ந்திருக்கின்ற தாய்மாரும், காணி மீளாத குடும்பங்களும், நுண்கடனால் நலிந்த பெண்களும் உள்ள தேசத்தில், ஓட்டுத்துண்டுக்கும் பழைய மெசினுக்கும் இத்தனை சிரத்தை வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வியின் கனத்தை நான் முழுமையாக ஏற்கின்றேன். வறுமையால் ஒரு பொருளை விற்பவரைக் குறைகூறுதல் பாவம். விற்கவேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. விற்பதற்கு முன் அதன் இலக்கத்தைக் குறித்து, கைத்தொலைபேசியில் நாலு படம் பிடித்து, அதன் கதையை இரண்டு பக்கத்தில் எழுதிவைப்பதற்குக் காசும் செலவில்லை, கால்மணி நேரத்துக்கு மேல் தேவையுமில்லை. அத்துடன், தன் இழப்பை நிரூபிக்கும்படி அடிக்கடி கேட்கப்படுகின்ற ஒரு சனத்துக்கு, இன்ன திகதியில் இன்ன வீட்டில் இன்ன பொருள் இருந்தது என்று ஒழுங்காக எழுதப்பட்ட பதிவு ஒருநாளும் வீணாகாது.

அரசாங்கம் இதைச் செய்யும் என்று காத்திருத்தல் பயன்தராது. 1940ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் முடிவெய்திய 1815 மார்ச் 2ஆந் திகதியை எல்லையாக வகுத்து, அதற்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கொண்டது. வவுனியாவிலுள்ள தொல்பொருள் நூதனசாலையிலும் பழைய சிலைகளுக்கே பிரதான இடம். ஒரு சிங்கர் மெசினையோ ஜாம் போத்தல் விளக்கையோ காப்பது எந்த உத்தியோகத்தரின் கடமையிலும் எழுதப்படவில்லை. வெளிநாட்டிலுள்ள ஊர்ச்சங்கங்கள் கோபுரத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் மனமுவந்து பணம் அனுப்புகின்றன. அப்பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கும் ஒதுக்கும்படி கேட்கலாம். எனினும் கண்ணாடிப் பேழை வைத்த பெரிய மண்டபம் ஒன்றை எழுப்பி, சனங்களின் பொருள்களை வாங்கி அதனுள் அடைப்பதை நான் விரும்பவில்லை. மெசின் தைத்துக்கொண்டிருக்கட்டும்; சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கட்டும். பொருள் உரியவரிடத்திலேயே இருக்க, பதிவு பொதுவில் இருத்தலே உத்தமம்.

இதற்கு ஏற்ற இடங்கள் நம் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களுமே. வரலாற்றுப் பாடத்தின் செயற்றிட்டமாக, ஒரு வகுப்பு மாணவர் தத்தம் வீட்டிலும் அயலிலுமுள்ள பழைய பொருள்களைப் பதியலாம். பொருளின் பெயர், அதிலுள்ள எழுத்தும் இலக்கமும் உள்ளது உள்ளபடியே, அவற்றால் அறியப்படும் கீழெல்லை, மேலெல்லை, வாங்கிய இடம், கைமாறிய விவரம், இடப்பெயர்வுகளின் வரிசை, பின்னாளிற் செய்த மாற்றங்கள் ஆகியவை ஒவ்வொரு பதிவிலும் இருத்தல் வேண்டும். ஊகத்தை ஊகமென்றும், நேரிற் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்தெழுதப் பழக்குவது ஆசிரியரின் பொறுப்பு. தொப்பி சேகரிப்போரிடம் நாம் கற்கவேண்டிய ஒழுக்கமும் அதுவே. பலெர்மோவிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்ற மாமா, சித்திமார், தாம் கொண்டுசென்ற பொருள்களைப் பற்றித் தொலைபேசியிற் சொல்லுவதையும் அதே கொப்பியில் எழுதிக்கொள்ளலாம்.

பதிவேட்டை ஒரு பிரதியோடு நிறுத்தலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகள் என்றென்றைக்குமாக அழிந்தன. ஆகையால் ஒரு பிரதி பாடசாலையிலும், இன்னொன்று பிரதேச சபை நூலகத்திலும் இருக்க, பக்கங்களை ஒளிப்படமெடுத்து, 2005இல் தொடங்கி ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவிற் சேமித்துவருகின்ற நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்பிவைக்கலாம். வருகின்ற தவணை விடுமுறையிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு ஊரிலும் முதலில் வயதில் மூத்தவரின் வீட்டுக்குப் போகவேண்டும். கையோடு கொண்டுபோகவேண்டியவை ஒரு கொப்பியும், துருப்பிடித்த இலக்கத்தின்மேற் பூசிப் படிப்பதற்கு ஒரு துண்டு வெண்கட்டியும்.